கேட்டால்தான் கிடைக்கிறார் சமூகப் பணியாளர்

விபத்து, தீராத நோய், வீட்டுக்குள் வன்முறை, முதுமையில் தனிமை... குடும்பம் திகைத்து நிற்கும் நேரத்தில் வழிகாட்டுவதற்கென்றே படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எங்கே தேடுவது, எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

மாலை நான்கு மணி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருக்கிறது. வராண்டா முழுக்கத் தூக்குவாளி, பிளாஸ்க், கட்டைப்பை. கடைசிக் கட்டிலில் ஒரு கொத்தனார் படுத்திருக்கிறார். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தலைமாட்டில் நிற்கும் மனைவியிடம் மேஸ்திரி தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்.

"போலீசு, கேசுன்னு போனா எல்லாருக்கும் அலைச்சல்தான்மா. வீட்டு மாடியில வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிரு. செலவுக்கு நான் இருபதாயிரம் தந்துடறேன்."

அந்தப் பெண் தலையாட்டுகிறார். அவருடைய தம்பி தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போயிருக்கிறான். பணம் கைக்கு வந்ததும் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம் என்பது திட்டம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் அம்மா, மேஸ்திரி நகர்ந்த பிறகு மெல்லச் சொல்கிறார்: "கண்ணு, கீழ பதினாலாம் நம்பர் ரூம்ல ஒரு மேடம் இருக்காங்க. முதல்ல அவங்களை ஒரு எட்டு பாத்துட்டு வா."

அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நாடா கட்டிய கோப்புகள் பிதுங்கும் ஓர் இரும்பு பீரோ. மேசைக்குப் பின்னால் மருத்துவ சமூகப் பணியாளர். அவருடைய முதல் கேள்வி பணத்தைப் பற்றியதல்ல. "பிள்ளைங்க யார்கிட்ட இருக்காங்கக்கா?" ஒன்பதாவது படிக்கும் மூத்த மகள், தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்பது அப்போதுதான் வெளியே வருகிறது. அடுத்தது விபத்துப் பதிவேட்டின் நகல். "ஏ.ஆர். காப்பில சாரத்துல இருந்து விழுந்தாருன்னு தெளிவா எழுதியிருக்கு. போலீஸ் வாக்குமூலம் கேக்கும்போது நடந்ததை மட்டும் சொல்லுங்க. மாத்திச் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கு இழப்பீடு கேக்க வாய் இருக்காது."

தமிழ்நாட்டின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இந்தக் காட்சியின் முதல் பாதியைப் பார்த்துவிடலாம். இரண்டாம் பாதி நடப்பது, பக்கத்துக் கட்டிலில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால்தான்.

ஒரு விபத்து, ஏழு வாசல்

முதுகுத்தண்டில் அடிபட்ட ஒரு கட்டடத் தொழிலாளியின் குடும்பத்துக்கு என்னென்ன உரிமைகள் இருக்கின்றன என்று எழுதிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று, பிறகு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையம். அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவராக இருந்தால் விபத்து உதவித்தொகைக்கு அங்கே ஒரு மனு. வேலையில் இருந்தபோது அடிபட்டதால், வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் இன்னொரு மனு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் அங்கேதான்.

பிள்ளைகளுக்கானது பலருக்கும் தெரிவதே இல்லை. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும், நிரந்தரமாக முடங்கிப்போனாலும் 75,000 ரூபாய் உதவி உண்டு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் என்பது வரம்பு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு விசாரித்து, அதற்கென உள்ள குழு ஒப்புதல் தர வேண்டும்.

ஆக ஏழு வாசல். ஏழுக்கும் தனித்தனிப் படிவம், ஏறக்குறைய அதே நகல்கள், வேறு வேறு காலக்கெடு. கணவனுக்குச் சிறுநீர் சேரும் பையை மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. எதை முதலில் செய்வது, எந்தத் தாளை எந்த மேசையில் கொடுப்பது என்று வரிசைப்படுத்தித் தருவதும், அந்த மேசைக்காரரிடம் போனில் பேசி வைப்பதும் சமூகப் பணியாளரின் வேலை.

போகாமல் விட்டால் என்ன ஆகும்? காப்பீட்டு ஒப்புதலைச் சிகிச்சைக்கு முன்பே வாங்க வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது பெரும்பாடு. மேஸ்திரி சொன்னபடி சொல்லியிருந்தால் இருபதாயிரத்தோடு அந்தக் கணக்கு முடிந்துபோயிருக்கும். தாலிக்கொடி மூழ்கியிருக்கும். பத்தாவதுக்குப் போக வேண்டிய மகள் பனியன் கம்பெனிக்கோ நூற்பாலைக்கோ போயிருப்பாள். புரட்டிப் படுக்க வைக்க யாரும் சொல்லித் தராததால் வந்த படுக்கைப் புண், சில மாதங்களில் அவரையே கொண்டுபோயிருக்கும். தண்டுவடம் அடிபட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு கொல்வது பெரும்பாலும் புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-இல் அவருடைய முயற்சியில் உருவானது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்றும் நடக்கிறது. உடம்பைத் தேற்றுவதோடு வீடு, தொழில், படிப்பு என்று யோசிக்கும் இடங்கள் இவை. அங்கே போய்ச் சேர வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

யார் இவர்கள்?

1936-இல் மும்பையில் தொடங்கிய டாடா அறக்கட்டளையின் பள்ளியில்தான் இந்தியாவில் சமூகப்பணி ஒரு முறையான படிப்பானது. 1946-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று எம்.எஸ்.டபிள்யூ. என்றால் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. அந்த இரண்டாண்டும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் ஆஸ்பத்திரியிலோ, இல்லத்திலோ, குடிசைப் பகுதியிலோ களப்பயிற்சி. மனநலத்துக்குத் தனியாக எம்.பில். பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

தர்ம சிந்தனையால் உதவுகிறவர்களை மதிக்கிறேன். ஆனால் சமூகப் பணியாளரிடம் போகும்போது நீங்கள் தயவை நாடிப் போகவில்லை. டாக்டரிடம் போவது போலத்தான். உங்கள் நிலைமையை விசாரித்துக் குறிப்பெடுப்பது, ரகசியம் காப்பது, தொடர்ந்து கவனிப்பது எல்லாம் அவருடைய தொழில் கடமை.

> எந்த எண், எதற்கு?
>
> 1098: குழந்தைகளுக்கு உதவி. 1996-இல் மும்பையில் தொடங்கியது. 24 மணி நேரமும்.
>
> 181: பெண்களுக்கு உதவி. ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் இதிலிருந்தே வழி கிடைக்கும்.
>
> 14567: முதியோர் உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை.
>
> 14416: மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும்.
>
> 15100: இலவச சட்ட உதவி. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு கிடையாது.

வீட்டுக்கு வரும் ஆள்

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களைக் கொடியவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேறு எங்கே போவது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இன்று மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரோடு சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தால், எந்தக் கிழமை எந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அந்தக் குழு வருகிறது என்று தெரியும். கட்டணம் இல்லை. மாத்திரை எழுதுவது மருத்துவர். மகன் மாத்திரையைத் துப்பிவிடும்போது என்ன செய்வது, அண்ணிக்கும் அவனுக்கும் தினம் நடக்கும் சண்டையை எப்படி ஆற்றுவது, அவனால் செய்ய முடிகிற வேலை எது என்பதையெல்லாம் பேசுவதற்குத்தான் சமூகப் பணியாளர். தேவைப்பட்டால் வீட்டுக்கே வருவார். அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று தயங்குகிறவர்கள், வெளியில் ஓர் இடத்தில் சந்திக்கலாமா என்று கேட்கலாம். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தெருவில் திரியும் மனநலம் குன்றிய பெண்களுக்காகச் சென்னையில் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பும் இதே வழியில் நடக்கிறது. தொடங்கிய இருவரில் ஒருவரான வந்தனா கோபிகுமார் சமூகப்பணி படித்தவர். சிகிச்சைக்குப் பின் ஒரு பெண் சொல்லும் ஆற்றின் பெயரையோ, கோயில் திருவிழாவையோ, பேச்சு வழக்கையோ பிடித்துக்கொண்டு எங்கோ வடக்கே ஒரு கிராமத்தில் அவருடைய குடும்பத்தைக் கண்டுபிடிப்பது சமூகப் பணியின் மிகக் கடினமான பகுதி. கண்டுபிடித்தால் போதாது. குடும்பம் அவரை ஏற்றுக்கொள்ளும்படி பேசவும் வேண்டும்.

நீதிமன்றப் படி ஏறும்போது

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்த வீட்டில், புகார் கொடுத்த பிறகுதான் நீண்ட பயணமே தொடங்குகிறது. மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், பிறகு வழக்கு. ஒவ்வொரு இடத்திலும் குழந்தை திரும்பத் திரும்ப அதையே சொல்ல வேண்டுமோ என்ற பயத்திலேயே பல பெற்றோர் பின்வாங்கிவிடுகிறார்கள். போக்சோ விதிகள் 2020, இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தை, பெற்றோரின் சம்மதத்தோடு அந்தக் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை அவர் கூடவே இருப்பார். அடுத்த வாய்தா எப்போது, கோர்ட்டில் எந்த அறை, குற்றவாளியின் முகத்தைப் பார்க்க நேருமா, இடைக்கால நிவாரணம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இந்த ஆதரவு நபர் ஏற்பாட்டை வலியுறுத்தியது. ஆனாலும் பெற்றோருக்கு இதைச் சொல்வார் இல்லை. குழந்தைகள் நலக் குழுவிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

கணவன் வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு, 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். போலீஸ் ஸ்டேஷன் படி ஏறத் தயங்குகிறவர்கள் நேரே அவரிடம் போகலாம். அவர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். அன்றிரவே தங்க இடம் வேண்டுமென்றால் ஒருங்கிணைந்த சேவை மையம். ஐந்து நாட்கள்வரை தங்கலாம், மருத்துவம், சட்டம், ஆலோசனை அங்கேயே. இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோம்மா" என்று திருப்பி அனுப்பும் ஆலோசகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆலோசனை அல்ல. அப்படிச் சொன்னால் மாவட்ட சமூகநல அலுவலரிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள்.

பெற்றோருக்கும் இதே அலுவலகம் உதவும். வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு சோறு போடாத மகன்மீது, 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்து என்றால், பத்திரத்தையே செல்லாததாக அறிவிக்க முடியும். மனுவோடு நிற்காமல், மகனை அழைத்துப் பேசி உறவு முறியாமல் முடித்துவைக்கும் வேலையையும் நல்ல சமூகப் பணியாளர்கள் செய்கிறார்கள். பெரியவர்கள் பலர் விரும்புவதும் அதைத்தான்.

> முதல் சந்திப்புக்குப் போகும்போது
>
> ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டுகள், எல்லாவற்றிலும் இரண்டு நகல்.
>
> வாங்கிய கடனையும் வட்டியையும் மறைக்காதீர்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாதி உண்மையை வைத்துப் போடும் திட்டம் பாதியில் நின்றுவிடும்.
>
> கிளம்பும் முன் மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள்: அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன, நீங்கள் செய்யப்போவது என்ன, மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும்?
>
> காசு கேட்டால் அவர் புரோக்கர். எழுந்து வந்துவிடுங்கள்.

அவரால் முடியாதவை

சமூகப் பணியாளர் கையில் பணப்பெட்டி இல்லை. உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை. வருமான வரம்பைத் தாண்டிய குடும்பத்துக்குத் திட்டத்தை வளைத்துத் தர அவரால் முடியாது. அறக்கட்டளைகளுக்கு எழுதிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நீங்கள் சொல்வதை உறவினருக்குச் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். உயிருக்கு ஆபத்து என்றாலும் அவர் சும்மா இருக்க முடியாது. நல்ல பணியாளர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்.

தனியார் ஆஸ்பத்திரியிலும் தேடலாம். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பதிவு பெற்ற மருத்துவமனையில் ஒருங்கிணைப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு முதலில் உட்கார்ந்து பேசுகிறவர் அவர்தான். தத்தெடுக்க விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கு வருபவரும் சமூகப் பணியாளர்தான். வீட்டைச் சோதனை போட வருகிறார் என்று பதற வேண்டாம். குழந்தை வளரும் சூழலைப் பார்த்து அவர் எழுதும் அறிக்கை மூன்றாண்டு செல்லும்.

கண்ணில் படாத பதவி

இவ்வளவு செய்ய வேண்டியவர்களை அரசு எப்படி வைத்திருக்கிறது? குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மனநலத் திட்டம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையம் என்று பார்த்தால், பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த வேலை. ஒரு குடும்பத்தின் வழக்கைப் பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதிக்கப்படுவது அந்தக் குடும்பம். புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவப் பணிகள் ஆணையச் சட்டம், மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வந்தால், படித்தவர் யார், பெயரைப் போட்டுக்கொண்டவர் யார் என்று நோயாளிக்கு ஓரளவு தெரியும்.

அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்த வங்கி என்று பலகை வைக்கிறோம். சமூகப் பணியாளரின் அறை எண்ணையும் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் எழுதி வைக்கலாம். அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடிக்கலாம். பெயின்ட் செலவைத் தவிர இதற்கு வேறு செலவில்லை.

அதுவரை நீங்கள் கேளுங்கள். நோயாளியைச் சேர்த்த முதல் நாளே, நகையை எடுப்பதற்கு முன்பே, வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள்: "இங்கே சமூகப் பணியாளர் எந்த அறையில் இருக்கிறார்?" அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதையே ஒரு மனுவாக எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வாருங்கள்.